சரக்கைப் பார்த்து டிரெய்லரைத் தேர்ந்தெடுங்கள்: டர்பனில் முதன்முறை வாடகைக்கு எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் பலவற்றுக்குச் சரக்குப் போக்குவரத்து புதிய தொழில் அன்று. பக்கி எனப்படும் சிறு பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குப் போய்வந்த தாத்தாவின் பேரன் இன்று எட்டு டன் லாரி வைத்திருக்கிறான். அவனுடைய வாடிக்கையாளர் ஒருவர், "மாதம் நான்கு நடை ஜோகன்னஸ்பர்க்குக்குச் சரக்கு இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா தம்பி?" என்று கேட்கிறார். கடன் வாங்கி ஒரு ஹார்ஸ் வாங்கிவிடலாம்; ஆனால் பின்னால் எதை மாட்டுவது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அந்த நிலையில் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். எஞ்சினும் ஓட்டுநர் அறையும் உள்ள முன்வண்டியை இங்கே எல்லோரும் ஹார்ஸ் என்றே சொல்கிறார்கள். அதன் முதுகில் முன்பாரத்தைச் சாய்த்து, பின்பக்கம் மட்டும் தன் சொந்த அச்சுகளில் ஓடுவது செமி டிரெய்லர். டிரெய்லரின் அடியில் துருத்தி நிற்கும் தடித்த இரும்பு முளைக்குக் கிங்பின் என்றும், அதைக் கவ்விப் பிடிக்கும் ஹார்ஸின் தட்டுக்கு ஃபிஃப்த் வீல் என்றும் பெயர். டிரெய்லர் முற்றத்தில் பேசப்படும் பேச்சில் பாதி இந்த நான்கு சொற்களைச் சுற்றியே இருக்கும்.

தொழில் தொடங்கும்போது டிரெய்லரை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. இந்த மாதம் தரை ஓடுகளும் அடுத்த மாதம் கன்டெய்னரும் வரும் ஒருவருக்கு ஒரே டிரெய்லர் இரண்டுக்கும் பொருந்தாது. எந்தச் சரக்கு நிலைக்கும் என்று தெரிந்த பிறகு வாங்குவதில் எந்த நட்டமும் இல்லை. ஆனால் வாடகைக்குக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்கள் பெரும்பாலும் "ஒரு நாளைக்கு எத்தனை ராண்ட்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் படி: சரக்கைத் தாளில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஏற்றப்போகும் பொருளின் மொத்த எடை, அது அடைக்கும் கனஅளவு, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எப்படி ஏற்றப்படும், எப்படி இறக்கப்படும் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். கடைசி இரண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்றும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் பக்கவாட்டில் வருமா, அல்லது டிரெய்லரைப் பின்பக்கமாக ஏற்றுமேடையில் ஒட்டி நிறுத்த வேண்டுமா என்பதும், இறக்கும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட்டே இல்லையா என்பதும் டிரெய்லரின் வகையையே மாற்றிவிடும். பக்கத்திலிருந்து மட்டுமே ஏற்ற வழியுள்ள கிடங்குக்கு மூடிய பெட்டி டிரெய்லரை அனுப்பினால் அது வந்த வழியே வெறுமையாகத்தான் திரும்பும்.

எடையையும் கனஅளவையும் சேர்த்துப் பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. சூப்பர்லிங்க் எனப்படும் இரட்டை டிரெய்லரின் தளம் 6 மீட்டரும் 12 மீட்டரும் சேர்ந்து 18 மீட்டர் நீளம். உள்ளகலமும் உயரமும் சேர்த்துப் பெருக்கினால் ஏறக்குறைய 115 கனமீட்டர் இடம் கிடைக்கும். அது சட்டப்படி சுமக்கக்கூடிய சரக்கு சுமார் 34 டன். ஆகவே ஒரு கனமீட்டருக்கு 300 கிலோவுக்கும் குறைவான பொருளானால் எடை வரம்பை எட்டும் முன்பே இடம் நிறைந்துவிடும். அதைவிடக் கனமான பொருளானால் இடம் நிறையும் முன்பே எடை முடிந்துவிடும். மெத்தை, டிஷ்யூ காகிதச் சுருள், வெற்று பிளாஸ்டிக் டப்பா முதல் வகை. அரிசி மூட்டை, சிமென்ட், தரை ஓடு, இரும்பு இரண்டாம் வகை. முதல் வகைக்கு நீளமும் உயரமும் தேடுங்கள். இரண்டாம் வகைக்கு அச்சுகளின் எண்ணிக்கையையும் அவை நிற்கும் இடத்தையும் தேடுங்கள்.

பலகையில் அடுக்கிய சரக்கானால் கணக்கு இன்னும் எளிது. தென்னாப்பிரிக்காவில் பரவலாகப் புழங்கும் பேலட் 1.2 மீட்டருக்கு 1 மீட்டர். 1.2 மீட்டர் பக்கத்தைக் குறுக்கே வைத்து இரண்டிரண்டாக அடுக்கினால் தளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு பேலட் உட்காரும். சூப்பர்லிங்கில் 36, பதினான்கு மீட்டர் தளமுள்ள டிரெய்லரில் 28. அது தரையில் ஒரே அடுக்காக வைக்கும் கணக்கு. ஒன்றன்மேல் ஒன்று வைக்க முடியுமா என்பதைச் சரக்குக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வகையை முடிவு செய்யுங்கள்

பக்கங்களில் திரைச்சீலை தொங்கும் டாட்லைனரே டர்பன்–ஜோகன்னஸ்பர்க் தடத்தில் அதிகம் ஓடுகிறது. திரையை ஒதுக்கினால் பக்கம் முழுதும் திறந்துகொள்ளும், மழையும் தூசியும் படாது, பேலட் சரக்குக்கு மிகவும் பொருத்தம். ஆனால் திரைச்சீலை சரக்கைத் தாங்கிப் பிடிக்கும் சுவர் அன்று. வளைவில் சாயும் பேலட்டை அது தடுக்கும் என்று நம்பாமல், உள்ளே பட்டையும் கொக்கியும் போட்டுக் கட்ட வேண்டும்.

ஃப்ளாட் டெக் எனப்படும் வெறும் தளம் இரும்புக் குழாய், மரம், எந்திரம் போன்றவற்றுக்கு. கிரேன் மேலிருந்து இறக்கும் சரக்குக்கு இதைவிட எளிது வேறில்லை. தார்ப்பாய் கட்டுவதற்கு ஆள் வேண்டும், நேரமும் வேண்டும். கடற்காற்றின் உப்பும் சம்மர் மழையும் சேர்ந்து அடிக்கும் நம் ஊரில், நனையக்கூடாத பொருளை அதில் ஏற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் எடுப்பவர்களுக்கு எலும்புக்கூடு போன்ற ஸ்கெலட்டல் டிரெய்லர் தேவை. இதில் புதியவர்கள் தவறும் இடம் இருபது அடிக் கன்டெய்னர். அது சிறியது, அதனால் இலேசானது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் இருபது அடிக் கன்டெய்னர் மொத்தம் 30 டன்னுக்கும் மேல் எடை தாங்கும்படி கட்டப்படுகிறது. அந்த எடை முழுதும் ஆறு மீட்டருக்குள் குவிந்திருப்பதால், அதைத் தளத்தின் நடுவில் வைத்துப் பூட்டுவதற்கான ட்விஸ்ட் லாக்குகள் டிரெய்லரில் இருக்க வேண்டும். முனைகளில் மட்டும் பூட்டு உள்ள டிரெய்லரை எடுத்தால் கனமான கன்டெய்னரை முன்னாலோ பின்னாலோ வைக்க வேண்டிவரும். ஏற்றுமதிக் கன்டெய்னரானால் 2016 ஜூலை முதல் நாளிலிருந்து உலகெங்கும் உள்ள விதிப்படி அதன் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை கப்பலில் ஏறும் முன்பே தெரிவிக்கப்பட வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கினால் உங்கள் அச்சுக் கணக்கும் அதிலேயே முடிந்துவிடும். உயரமான ஹை கியூப் கன்டெய்னரின் உயரம் ஏறக்குறைய 2.9 மீட்டர். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் 4.4 மீட்டர். சாலை விதிகள் வைத்திருக்கும் பொது உயர வரம்பு 4.3 மீட்டர். எனவே ஹை கியூப் எடுப்பவர்கள் தாழ்வான தளமுள்ள ஸ்கெலட்டலைக் கேளுங்கள். விலக்கு உண்டு என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் அதைப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து எழுத்தில் பெற்று வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்பதன ரீஃபரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: அதன் எந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருக்கவே கட்டப்பட்டது, வெப்பமான பழத்தைக் குளிர்விக்க அன்று. சைடு டிப்பர், டேங்கர், எந்திரங்களைச் சுமக்கும் லோபெட் ஆகியவை தனிப் பயிற்சியும் தனி அனுமதிகளும் வேண்டுபவை. முதல் வாடகைக்கு அவை வேண்டாம்.

இனி முக்கியமான கேள்வி: சூப்பர்லிங்கா, மூன்று அச்சுள்ள ஒற்றை டிரெய்லரா? சூப்பர்லிங்க் ஆறு டன் வரை கூடுதலாகச் சுமக்கும், ஒவ்வொரு நடையிலும் அது காசு. ஆனாலும் முதலாம் ஆண்டில் ஒற்றை டிரெய்லரையே எடுங்கள் என்று நான் சொல்வேன். சூப்பர்லிங்க் இரண்டு இடங்களில் மடிகிறது; அதைப் பின்னோக்கி ஓட்டுவது தனி வித்தை. ஜேக்கப்ஸ், மோபெனி பக்கத்துப் பழைய கிடங்குகளின் வாசல்களில் ஒற்றை டிரெய்லரே மூன்று முறை முன்னும் பின்னும் போய்த்தான் நுழைகிறது. சரக்கு இறக்கும் முற்றத்துக்கு ஒரு நாள் காரில் போய், வாசலின் அகலத்தையும் திரும்பும் இடத்தையும் காலடியால் அளந்து பாருங்கள். வழிபாட்டுக்குக் கோயிலைச் சுற்றுவதுபோல் அந்த முற்றத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வகையை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: எண்களைச் சட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 93ஆம் எண் சட்டம். அதன் விதிகளில் நமக்கு வேண்டியவை சிலவே. ஹார்ஸும் ஒற்றை செமி டிரெய்லரும் சேர்ந்து 18.5 மீட்டர் நீளத்தையும், சூப்பர்லிங்க் கூட்டுவண்டி 22 மீட்டர் நீளத்தையும் தாண்டக் கூடாது. எத்தனை அச்சு இருந்தாலும் கூட்டுவண்டியின் மொத்த எடை 56 டன்னைத் தாண்டக் கூடாது. முன் ஸ்டியரிங் அச்சுக்கு 7.7 டன், இரட்டை டயர் பூட்டிய இரண்டு அச்சுத் தொகுதிக்கு 18 டன், மூன்று அச்சுத் தொகுதிக்கு 24 டன் என்பது வரம்பு. இவற்றோடு பாலங்களைக் காப்பதற்கான ஒரு சூத்திரமும் உண்டு: முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தை மீட்டரில் அளந்து 2,100ஆல் பெருக்கி, 18,000 கூட்டினால் வருவதே கிலோவில் அனுமதிக்கப்படும் எடை. ஆகவே 56 டன் முழுதும் வேண்டுமானால் அந்தத் தூரம் 18.1 மீட்டராவது இருக்க வேண்டும். தூரம் 14.5 மீட்டர்தான் என்றால் 48,450 கிலோவோடு நின்றுகொள்ள வேண்டும். சட்டத்தில் உள்ள இந்த வரம்புகளுக்கு அப்பால், டிரெய்லரிலும் ஹார்ஸிலும் பதித்துள்ள உற்பத்தியாளரின் தகடு இன்னும் குறைவான எடையைச் சொன்னால் அதுவே உங்கள் வரம்பு.

மொத்த எடை சரியாக இருந்தாலே போதும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். பதினான்கு மீட்டர் டாட்லைனர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றும் 1.3 டன் எடையுள்ள தரை ஓட்டுப் பேலட் இருபதை ஏற்றினோம். கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் முன்பலகையை ஒட்டித் தொடங்கி வரிசையாக அடுக்கினார். பத்து மீட்டர் நிறைந்தது, பின்னால் நான்கு மீட்டர் காலி. எனக்கு அது அழகாகவே தெரிந்தது. நெடுஞ்சாலை எடைமேடையில் மொத்தம் 42.5 டன் என்று வந்தபோது மூச்சு விட்டேன். அடுத்த வரியில் ஹார்ஸின் பின்னச்சுத் தொகுதி 18 டன்னைத் தாண்டியிருப்பதாக அச்சடித்திருந்தது. வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரவழைத்துச் சரக்கை நகர்த்துவதற்குள் பொழுது சாய்ந்தது. வாடிக்கையாளருக்கு ஓடு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது.

நடந்தது என்னவென்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். அந்த டிரெய்லரின் கிங்பின் முன்முனையிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் இருந்தது. கிங்பின்னிலிருந்து மூன்று அச்சின் நடுப்புள்ளி வரை 9 மீட்டர். சரக்கு முன்முனையிலிருந்து பத்து மீட்டர் வரை பரவியிருந்ததால் அதன் நடுப்புள்ளி முன்முனைக்கு 5 மீட்டரில், அதாவது கிங்பின்னுக்குப் பின்னால் 4 மீட்டரில் விழுந்தது. 26 டன்னை 4ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் டிரெய்லரின் அச்சுகளுக்குப் போனது 11.6 டன்தான், மீதி 14.4 டன் கிங்பின் வழியாக ஹார்ஸின் மேல் இறங்கியது. ஹார்ஸின் பின்னச்சுகளில் வண்டியின் சொந்த எடை 4 டன், காலி டிரெய்லரின் பங்கு 2 டன். கூட்டினால் 20 டன்னுக்கு மேல். ஸ்டியரிங் அச்சு அதில் ஒரு டன்னை வாங்கிக்கொண்டாலும் வரம்பு மீறியதே. அதே பேலட்டுகளை முன்னால் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு ஏற்றியிருந்தால் நடுப்புள்ளி கிங்பின்னுக்குப் பின்னால் 6 மீட்டருக்குப் போய், டிரெய்லரின் அச்சுகள் 17.3 டன்னையும் ஹார்ஸ் 8.7 டன்னையும் பகிர்ந்திருக்கும். விட்ட இடைவெளியில் மரக்கட்டை அடித்துத் தாங்கல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே கனமான சரக்குள்ளவர்கள் டிரெய்லர் முற்றத்திலேயே கிங்பின்னுக்கும் அச்சுகளின் நடுவுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, இந்தக் கணக்கை வாடகைத்தாளில் கையெழுத்திடுமுன் போட்டுப் பாருங்கள். அச்சுகள் மிகவும் பின்னால் தள்ளியிருக்கும் டிரெய்லர் ஹார்ஸின் மேல் அதிகம் சாயும். உங்கள் சரக்குக்கு அது ஒத்துவராவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உங்கள் டிரெய்லர் அன்று.

நான்காம் படி: ஹார்ஸோடு பொருத்திப் பாருங்கள்

கிங்பின் இரண்டு அங்குலமும் உண்டு, மூன்றரை அங்குலமும் உண்டு. உங்கள் ஃபிஃப்த் வீலுக்கு எது பொருந்தும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிஃப்த் வீலின் உயரமும் டிரெய்லர் எதிர்பார்க்கும் உயரமும் ஒத்துவர வேண்டும். ஹார்ஸ் உயர்ந்துபோனால் டிரெய்லர் பின்பக்கம் சாய்ந்து, மொத்த உயரமும் அச்சுகளில் சுமை பரவும் விதமும் மாறிவிடும். திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை ஓட்டுநர் அறையின் முதுகில் இடிக்காமல் சுழல வேண்டும். ரீஃபரில் முன்னால் எந்திரம் துருத்திக்கொண்டிருப்பதால் இது இன்னும் கவனிக்க வேண்டியது. மின்செருகியின் முனை எண்ணிக்கை, ஏபிஎஸ் இணைப்பு, காற்றுக் குழாய்களின் இணைமுனை மூன்றையும் முற்றத்திலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். எஞ்சினின் திறனுக்கும் விதி உண்டு: ஒரு கிலோவாட்டுக்கு 240 கிலோ என்பது உச்சம். 56 டன் இழுக்க ஏறக்குறைய 234 கிலோவாட் வேண்டும் என்பதால், பழைய ஹார்ஸை மலிவாக வாங்கியவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஓட்டுபவருக்கு இ.சி. பிரிவு உரிமமும், சரக்குக்கான தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: முற்றத்தில் கையால் தொட்டுப் பாருங்கள்

காலையில் போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். அழுக்காகும் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடியில் படுக்க வேண்டும்.

கிங்பின்னில் தொடங்குங்கள். கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு அளவியை வைத்துப் பாருங்கள். புதிதில் 50.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு அங்குலக் கிங்பின் 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் அதை மாற்றியே தரச் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள தகட்டில் வெல்டிங் விட்டுப்போன மெல்லிய கோடு தெரிகிறதா என்று விரல் நகத்தால் உரசிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத விரிசல் நகத்துக்குத் தட்டுப்படும்.

பிறகு டயர்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பூக்கோட்டின் ஆழம் சட்டப்படி 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் வான் ரீனன் கணவாயில் மழையில் இறங்கப்போகிறவர் சட்டத்தின் அடிமட்டத்தில் நின்றுகொண்டு வாடகைக்கு எடுக்கக் கூடாது. இரட்டை டயர்களுக்கு இடையில் கையை விட்டுத் தடவுங்கள். உள்டயரின் உட்பக்கம்தான் யாரும் பார்க்காத இடம். ஒரு பக்கம் மட்டும் ரம்பம்போல் தேய்ந்திருந்தால் அச்சு கோணலாக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த டிரெய்லர் நம் டீசலையும் தின்னும், டயரையும் தின்னும்.

பிரேக்குக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஹார்ஸை மாட்டிக் காற்றை முழுதும் ஏற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக் மிதியை ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் டிரெய்லரைச் சுற்றி நடந்து காதால் கேட்க வேண்டும். "உஸ்ஸ்" என்று எங்காவது காற்று கசிந்தால் சத்தம் நன்றாகக் கேட்கும். லைனிங்கின் தடிமனைப் பார்வைத் துளை வழியாகப் பாருங்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் நம் மண்ணின் சரிவு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நிறைசுமையோடு கடற்கரைக்கு வரும் வண்டி, வான் ரீனனில் ஒரு முறையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லில் ஒரு முறையும் அதன்பின் டர்பனை நெருங்கும் மேடுகளில் மறுபடியும் இறங்குகிறது. 2013 செப்டம்பரில் பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுமீறி வந்த கனரக வண்டி டாக்சிகளில் மோதி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. வாடகை டிரெய்லரின் பிரேக்குக்குப் பொறுப்பு முற்றத்துக்காரருடையது என்று சாலையில் சொல்லிப் பயனில்லை.

டாட்லைனரானால் உள்ளே ஏறி, இரு கதவையும் சாத்தச் சொல்லி, இருட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கூரையில் ஊசித்துளை இருந்தால் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் மழையில் ஒரு நனைந்த அட்டைப்பெட்டி. திரைச்சீலையின் கொக்கிகளையும் பட்டைகளையும் எண்ணுங்கள். ஸ்கெலட்டலானால் ஒவ்வொரு ட்விஸ்ட் லாக்கையும் திருப்பிப் பூட்டித் திறந்து பாருங்கள். தாங்குகால்களை முழுதும் இறக்கி ஏற்றுங்கள். கைப்பிடி பாதியில் இறுகினால் சுமையோடு அது நகரவே நகராது. விளக்குகள், பக்கவாட்டில் மஞ்சள் ஒளிர்பட்டை, பின்னால் சிவப்பு-மஞ்சள் கோட்டுப் பலகை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, சேசிஸில் வெட்டிய எண்ணும் பதிவுத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: தாள்களும் காப்பீடும்

உரிம வட்டு காலாவதியாகவில்லை, ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகு, வண்டியை இயக்குபவராகப் பதிவானவரைக் காட்டும் இயக்குநர் அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். சாலையில் நேரும் குற்றத்துக்கான அறிவிப்பு அந்தப் பெயருக்கே போகும். ஆகையால் அபராதத்தை யார் ஏற்பது, எத்தனை நாளுக்குள் தெரிவிப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது எனக்குத் தெரிந்தவரை சண்டை வரும் இடங்கள் மூன்று. ஒன்று டயர்: எடுக்கும்போது ஒவ்வொரு டயரிலும் எத்தனை மில்லிமீட்டர், திருப்பும்போது எத்தனை, தேய்ந்த ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று எண்ணாக இருக்க வேண்டும், "நியாயமான தேய்மானம்" என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. இரண்டாவது கிலோமீட்டர்: மாதத்துக்கு எவ்வளவு தூரம் வாடகையில் அடங்கும், அதற்குமேல் என்ன கணக்கு என்பது. மூன்று பழுது: வழியில் அச்சு பேரிங் சூடேறி நின்றால் அந்த நாட்களுக்கும் வாடகை ஓடுமா, மாற்று டிரெய்லர் எத்தனை மணி நேரத்துக்குள் வரும் என்பது. துறைமுகத்தில் முன்பதிவு செய்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு இந்த மூன்றாவது உயிர்நாடி. வாய்ச்சொல்லில் "பார்த்துக்கலாம் அண்ணா" என்பார்கள், அன்போடுதான் சொல்வார்கள். அந்த அன்பைத் தாளிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் ஹார்ஸுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று, ஏற்றிய சரக்குக்கு ஒன்று என மூன்று தனித்தனி என்பதைப் புதியவர்கள் அறியாமல் இருக்கிறார்கள். ஹார்ஸின் காப்பீடு மாட்டிய டிரெய்லருக்குத் தானாகப் பரவாது. இவற்றோடு, கலவரத்தால் வரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்பதில்லை. அதற்குச் சாஸ்ரியா என்ற அரசு நிறுவனத்தின் காப்பு தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். 2021 ஜூலையில் என்3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் சுங்கச்சாவடி அருகே லாரிகள் எரிந்ததைப் பார்த்த பிறகு இதைச் சேர்க்காமல் வண்டி எடுப்பவரை நான் தடுத்து நிறுத்திச் சொல்வேன். இரவு நிறுத்தும் இடத்தையும் காப்பீட்டாளர் கேட்பார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் புராஸ்பெக்டன் பக்கத்துத் தாழ்ந்த நிலங்களில் கன்டெய்னர்களே மிதந்து போயின; ஆகவே ஆற்றோரத்து முற்றம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாடகை டிரெய்லரை அங்கே நிறுத்தாதீர்கள்.

மொசாம்பிக், எஸ்வாட்டினி, லெசோத்தோ, ஜிம்பாப்வே பக்கம் எல்லை தாண்டும் எண்ணம் இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் பதிவுத் தாளின் சான்றிட்ட நகலும் இல்லாமல் எல்லையில் நிற்பது வீண். அந்தப் பயணத்துக்கான எல்லை தாண்டும் அனுமதி வேறு. பல முற்றங்கள் எல்லைக்கு அப்பால் காப்பீடு தருவதில்லை.

ஏழாம் படி: முதல் நடையும் திருப்பித் தருவதும்

முற்றத்திலிருந்து வெளியேறுமுன் டிரெய்லரை நான்கு மூலையிலிருந்தும், ஒவ்வொரு டயரையும், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு நசுங்கலையும் கைப்பேசியில் படமெடுத்து, அன்றே முற்றத்துக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். சரக்கு ஏற்றியதும், நெடுஞ்சாலைக்குப் போகுமுன், காசு கொடுத்து எடை பார்க்கும் தனியார் எடைமேடையில் அச்சு அச்சாக எடை போட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்திச் சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே இளஞ்சூட்டில் இருக்கும்போது ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்தபடி ஓடுகிறது அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. பட்டைகளும் அந்த ஐம்பது கிலோமீட்டரில் ஒரு முறை தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். கனரக வண்டிகளுக்கு வேக உச்சம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்பதைப் பயண நேரக் கணக்கில் வைத்து, வாடிக்கையாளருக்கு அதற்கேற்ற நேரத்தைச் சொல்லுங்கள்.

திருப்பித் தரும்போது தளத்தைப் பெருக்கி, கட்டைத் துண்டுகளையும் ஆணிகளையும் அகற்றிவிட்டுப் போங்கள். எடுத்த நாளின் அளவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டயர் ஒவ்வொன்றையும் முற்றத்துக்காரரோடு சேர்ந்து மறுபடி அளந்து, இருவரும் கையெழுத்திட்ட நகலை வாங்கிக்கொண்ட பிறகே கிங்பின்னை விடுவியுங்கள்.